மட்டன் ரோல்ஸும் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கும்

போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது எந்த அணிக்கும் மட்டன் ரோல்ஸ் கொடுக்காதீர்கள். ஹொக்கிப் பயிற்சியாளர்களாகப் புதிதாக இறங்கியிருக்கும் உங்களுக்கு நான் தரக்கூடிய முதல் தொழில் அறிவுரை இதுதான். சிரிப்பீர்கள் என்று தெரியும். இதை நாங்கள் படித்துக்கொண்ட அன்று எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஆட்டத் தந்திரங்களைப் பற்றி. பெனால்டி கோர்னரில் யார் எங்கே ஓடுவது, நடுக்களத்தை எப்படி அடைப்பது என்பதையெல்லாம் சொல்ல என்னைவிடக் கெட்டிக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் வென்றவர்கள். எனக்கு நல்ல அனுபவம் இருப்பது தோல்வியில். அதைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன். ஆனால் உங்களுக்கு நாளைக்குப் பயிற்சி இருக்கிறது, ஆகவே ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓக்லாந்தின் மேற்குப் பக்கத்துக் கழகம் ஒன்றின் இரண்டாம் பிரிவுப் பெண்கள் அணி என் கையில் இருந்தது. பகலில் மாசி என்ற புறநகரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ரீச்சர். மாலையிலும் சனிக்கிழமையிலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர். எல்லோருக்கும் நான் ரீச்சர்தான், பிள்ளைகளின் தகப்பன்மாருக்குக்கூட. தோற்பதில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் பாதியில் அழகாக விளையாடுவோம், இடைவேளையில் தோடம்பழம் சாப்பிடுவோம், இரண்டாம் பாதியில் தோற்போம். கழகத்தார் எங்களை "வளர்ந்து வரும் இளம் அணி" என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். அந்த வருடம் நாங்கள் வளர்ந்தது கீழ்நோக்கி.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் உண்மையாகவே வளர்ந்துகொண்டிருந்தாள். பெயர் ஜெனிற்றா, வயது பதினாறு, நடுக்களத்தில் விளையாடுவாள். பந்து எங்கே வரப்போகிறது என்பது அடிக்கிறவளுக்குத் தெரியுமுன் இவளுக்குத் தெரிந்துவிடும், போய் நிற்பாள். மன்னாரிலிருந்து வந்த குடும்பம். இவள் கைக்குழந்தையாக வந்தவள். தாயும் தகப்பனும் தமிழில் கேட்பார்கள், இவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் ஒரு சொல்லில். தகப்பன் மரியதாஸ் அண்ணைக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவர் மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஏவன்டேலில் வாடகை வீடு. இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிஃப்ட், வீட்டுக்கு ஒரே ஒரு கார்.

அடுத்த வருடம் ஜெனிற்றாவுக்குப் பதினேழு ஆகும். ஓக்லாந்து இளையோர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறவர்கள் அந்த வயதில்தான் பார்ப்பார்கள். அதுவும் இரண்டாம் பிரிவு வரைக்கும்தான் பார்ப்பார்கள். மூன்றாம் பிரிவு ஆட்டம் நடக்கும் புல் மைதானங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நகரத்தின் மற்றப் பக்கத்துப் பெரிய கழகம் ஒன்று அவளைக் கேட்டுப் பார்த்தது. வாரத்தில் இரண்டு தடவை அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கூட்டிவர அந்த வீட்டில் ஆளும் இல்லை, காரும் இல்லை. ஆகவே நாங்கள் இரண்டாம் பிரிவில் நின்றால் ஜெனிற்றாவை யாராவது பார்ப்பார்கள், கீழே போனால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும், மரியதாஸ் அண்ணைக்குத் தெரியும், ஜெனிற்றாவுக்கும் நன்றாகவே தெரியும்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலையில் எங்கள் ஆட்டம், எங்கள் வழக்கப்படி தோற்றோம். ஆனால் கதை முடியவில்லை. கடைசி இடத்தில் முடிகிற அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். புள்ளிப் பட்டியலில் எங்களுக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு அணி, பச்சைச் சட்டைக்காரர். அவர்களுக்கு அதே மைதானத்தில் மதியத்துக்குமேல் மஞ்சள் சட்டைக்காரரோடு ஆட்டம். பச்சை வென்றால் அவர்கள் எங்களைத் தாண்டிவிடுவார்கள், நாங்கள் கீழே போவோம். பச்சை தோற்றாலும் சமநிலையில் முடிந்தாலும் நாங்கள் தப்பினோம். மஞ்சள் நல்ல அணி, பச்சை எங்களைவிட மோசம். ஆகவே மாதா எங்கள் பக்கம் என்று மரியதாஸ் அண்ணை சொன்னார்.

இங்கேதான் ஒரு சங்கடம். நம் லீக்கில் இன்றைக்கும் இருக்கிற நடைமுறைதான் அது. ஒவ்வொரு அணியும் தன் ஆட்டம் முடிந்த பிறகு வேறொரு ஆட்டத்துக்கு நடுவர் ஒருவரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு புள்ளி வெட்டு. அன்றைக்கு எங்கள் அணி நடுவர் கொடுக்க வேண்டிய ஆட்டம் எது தெரியுமா? அதே பச்சை-மஞ்சள் ஆட்டம். பருவம் தொடங்குமுன் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட அட்டவணை. நான் அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தேன். எங்கள் தலைவிதியை முடிவு செய்யும் ஆட்டத்துக்கு நாங்களே விசில் ஊதுவது அழகா என்று கேட்டேன். லீக் அலுவலகத்தில் இருந்த பெண், அட்டவணை அட்டவணைதான், எல்லோரும் நேர்மையானவர்கள் என்று நம்பித்தான் லீக் நடக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஆள் அனுப்பாமல் விட்டால் புள்ளி போகும், புள்ளி போனால் சமநிலையும் எங்களைக் காப்பாற்றாது.

நானே போய் ஊதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தடை. அதற்கு முந்தின மாதம் ஒரு நடுவரிடம் அவருடைய கண்ணாடியைப் பற்றி விசாரித்திருந்தேன். அன்பாகத்தான் விசாரித்தேன், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பருவம் முடியும்வரை விசிலைத் தொடக் கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எங்கள் அணியில் நடுவர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருத்திக்கு மதியம் வேலை. மற்றவள் ஜெனிற்றா.

மரியதாஸ் அண்ணை என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரீச்சர், இவளுக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லுவமோ?"

"சொன்னால் புள்ளி போகும் அண்ணை."

"அப்ப ஊதட்டும். ஆனா கனக்க ஊதத் தேவையில்லைத்தானே?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பிள்ளையின் அடுத்த வருடம் கண்முன்னால் நிற்க, எந்தத் தகப்பனுக்கும் வாயில் வரக்கூடிய பேச்சுத்தான் அது.

ஜெனிற்றா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஏதாவது சொல்லுங்கள் என்று அவள் முகம் கேட்டது. நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு பிள்ளையின் முன்னால் நிற்பீர்கள், அதனால் கவனியுங்கள். "நேர்மையாக ஊது" என்று சொன்னால், நேர்மையாக ஊதமாட்டாய் என்று சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தம். "கவனமாக ஊது" என்றால் அதைவிட மோசம், அது தகப்பன் சொன்னதையே வேறு சொல்லில் சொன்ன மாதிரி. "ஒன்றையும் யோசிக்காதே" என்றால் அவள் எல்லாவற்றையும் யோசிப்பாள். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி குடிச்சனியே?"

தலையாட்டினாள். போனாள்.

இதற்கிடையில் மைதானத்தின் மற்றப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வேறொரு வேலை பார்த்திருக்கிறார்கள். பருவத்தின் கடைசி நாள் என்பதால் தாய்மார் முதல் நாளே கூடியிருந்து மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். காலையில் தோற்ற சோகத்தில் எங்கள் பிள்ளைகள் ஒன்றையும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டைக்காரர் வந்து இறங்கினார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள், தூறல் வேறு, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஒருத்தி சொன்னாளாம். அவ்வளவுதான். நம் சனத்தின் முன்னால் நின்று "சாப்பிடவில்லை" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பிறகு நடப்பதற்கு ஒருவரும் பொறுப்பில்லை.

எங்கள் கோல் காப்பாளர் ஷாலினியின் தகப்பன் மிஸ்டர் பிள்ளை. ஃபிஜியிலிருந்து வந்தவர், ஏவன்டேலில் ஒரு டெய்ரி, அதுதான் நம் மூலைக்கடை, வைத்திருந்தார். தமிழ் அவருக்குக் கோயில் பாட்டு அளவில்தான் தெரியும். ஆனால் விருந்து கொடுப்பதற்கு மொழி தேவையில்லையே. காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பெட்டி சோடாவை இறக்கி வைத்தார். மரியதாஸ் அண்ணை தட்டோடு ஒவ்வொருத்தியாகப் பார்த்து, இது எங்கள் வீட்டில் செய்தது, ஒன்று போதாது, இந்தச் சட்னியையும் தொட்டுக்கொள் என்று உபசரித்தார். இன்றைக்கு எங்களைக் காப்பாற்றப் போகிற பிள்ளைகள் அல்லவா! வெறும் வயிற்றோடு விளையாட விடலாமா!

நான் வந்து பார்த்தபோது மஞ்சள் அணியின் தடுப்பாட்டக்காரி, நல்ல உயரமான பெண், இரண்டு கையிலும் ரோல்ஸ் வைத்துக்கொண்டு நின்றாள். தட்டுகள் வெறுமை. எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எண்ணிக் கொடுப்பது நல்ல பழக்கமா என்று மரியதாஸ் அண்ணையின் மனைவி என்னைத் திருப்பிக் கேட்டார். மஞ்சள் அணியின் பயிற்சியாளர் என்னைத் தேடிவந்து கையைக் குலுக்கி, இந்த லீக்கில் இப்படி ஒரு கழகத்தைக் கண்டதில்லை என்று சொன்னார். கண்டிருக்க மாட்டார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் பெண்கள் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் நாற்காலி தேடுகிற ஆட்களைப் போல நடந்து திரிந்தார்கள். உயரமான தடுப்பாட்டக்காரி ஒவ்வொரு தடவை குனியும்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சோடாவும் சட்னியும் தங்கள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், முன்வரிசைக்காரி ஒருத்தி பந்தை விட்டுவிட்டுக் கழிவறைப் பக்கம் ஓடினாள். அன்று முழுக்க மஞ்சள் அணியில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடவில்லை. பச்சைக்காரரோ பசியோடு வந்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் ஒரு துண்டும் கொடுக்கவில்லை.

எங்கள் பெற்றோர் எல்லைக்கோட்டில் வரிசையாக நின்றார்கள். மஞ்சள் பெண்களின் பெயர்களைச் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டுப் பாடமாக்கியிருந்தார்கள். மிஸ்டர் பிள்ளை "கேரன்! கேரன்!" என்று கத்தினார். சொந்த மகள் விளையாடும்போது அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இடைவேளையில் கோல் இல்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம். இப்படியே முடிந்தால் போதும் என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

ஹொக்கியில் நடுவர் இருவர், ஆளுக்கு ஒரு பாதி மைதானம் என்பது உங்களுக்குத் தெரியும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நடுவர்கள் மாறுவதில்லை. முதல் பாதியில் பச்சை தாக்கிய பக்கம் வேறு கழகத்து வயதான நடுவருடையது. இரண்டாம் பாதியில் அவர்கள் தாக்கிய பக்கம் ஜெனிற்றாவினுடையது. ஆட்டம் முழுவதும் அவள் காலடிக்கே வந்து சேர்ந்தது.

அவள் ஊதினாள். நன்றாக ஊதினாள். மஞ்சளுக்கு எதிராக ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு பெனால்டி கோர்னர். ஒவ்வொரு விசிலுக்கும் எங்கள் வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. அந்தக் கோர்னருக்கு மரியதாஸ் அண்ணையால் தாங்க முடியவில்லை. அது பிழை இல்லை, பந்துதான் காலில் வந்து பட்டது, கண்ணைத் திறந்து பார் என்று தமிழில் பெரிய சத்தமாகச் சொன்னார். தமிழில் சொன்னால் மற்ற நடுவருக்கு விளங்காது என்ற தைரியம்.

ஜெனிற்றா விசிலை ஊதி நேரத்தை நிறுத்தினாள். மைதானத்தைக் குறுக்கே கடந்து நேரே எங்கள் வரிசைக்கு வந்தாள். தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, நடுவரோட கதைக்கக் கூடாது. இன்னொருக்கால் கதைச்சீங்களெண்டால் கேற்றுக்கு வெளியில போய்த்தான் நிக்க வேணும்."

திரும்பிப் போய் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தாள். மரியதாஸ் அண்ணை பேயறைந்தவர் மாதிரி நின்றார். கோபம் வரப்போகிறது என்று நான் பக்கத்தில் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்: "ரீச்சர், இவள் தமிழ் கதைக்கிறாள்."

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை. நானும் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். தூறல் மழையாகிவிட்டது. பச்சைக்காரர் மறுபடியும் கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்துக்குள் வந்தார்கள். மஞ்சள் கோல் காப்பாளர் ஒரு பந்தைத் தடுத்துவிட்டு அப்படியே விழுந்து கிடந்தாள். பந்து திரும்பப் பச்சைப் பெண்ணின் மட்டைக்கு வந்தது. அடித்தாள். திறந்த கோல். கோல் கோட்டின் மேலே அந்த உயரமான தடுப்பாட்டக்காரி நின்றாள். பந்து அங்கே தடுக்கப்பட்டு வெளியே போனது.

மட்டையால் தடுக்கவில்லை. காலால் தடுத்தாள். மட்டை ஒரு சாண் தள்ளி இருந்தது. நடுவில் ஆட்கள் நின்றதாலும் மழை அடித்ததாலும் அது பலருக்குத் தெரியவில்லை. பச்சைப் பெண்களே கேட்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எங்கள் வரிசையில் ஒரே ஆரவாரம். தெளிவாகத் தெரிந்தது இரண்டு பேருக்கு. கோட்டுக்கு நேரே நின்ற எனக்கு, மற்றப் பக்கத்தில் கோட்டுக்கு நேரே நின்ற ஜெனிற்றாவுக்கு.

கோலுக்குப் போகிற பந்தைக் கோட்டில் காலால் தடுத்தால் பெனால்டி ஸ்ட்ரோக். கோல் காப்பாளரும் அடிக்கிறவளும் மட்டும். அநேகமாகக் கோல்தான்.

ஜெனிற்றா விசிலை வாய்க்குக் கொண்டுபோனவள் ஊதவில்லை. கோல் வாசலுக்கு மேலாலே என்னைப் பார்த்தாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு தகப்பன் எங்கள் ஆட்டத்தை வீடியோ எடுத்திருந்தார். அதில் நான் பார்த்து வெட்கப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பிள்ளை என்ன செய்தாலும் உடனே திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தது. என் முகமோ ஒரு ரகசியத்தையும் வைத்துக்கொள்ளத் தெரியாத முகம். பிழைவிட்ட பிள்ளை என்னைப் பார்த்த பிறகு இன்னொரு பிழை விட்டது. இப்போது அதே முகம் ஜெனிற்றாவுக்கு முன்னால் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஐயோ பிள்ளை, விட்டுவிடு, ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் எழுதியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு வேறு முகம் போட எனக்கு நேரமும் இல்லை, கெட்டித்தனமும் இல்லை.

நான் திரும்பி நின்றுகொண்டேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பெற்றோரைப் பார்த்தபடி.

விசில் எனக்குப் பின்னால் கேட்டது. அவள் கையை எங்கே காட்டினாள் என்று நான் பார்க்கவில்லை, மரியதாஸ் அண்ணையின் முகத்தில் பார்த்தேன். சிரித்துக்கொண்டு இருந்த மனுஷர், கை தட்டத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். மிஸ்டர் பிள்ளை என்ன நடந்தது, என்ன நடந்தது என்று எல்லோரையும் கேட்டார். பிறகு மட்டையில் பந்து படும் சத்தம், கோலின் பின்பலகையில் விழும் சத்தம், பச்சைப் பெண்களின் கூச்சல். கோல். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. நாங்கள் மூன்றாம் பிரிவுக்காரர் ஆனோம்.

இந்த இடத்தில் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாடப் புத்தகத்திலும் இல்லை. அணி கீழே போய்விட்டது. கீழே அனுப்பியவள் எங்கள் பிள்ளை. அவளோ தண்ணீர்க் குழாயடியில் தனியே நின்று, கழுவ ஒன்றுமில்லாத விசிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார்கள். இந்தத் தடவை என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் நான் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. கோல் காப்பாளர் ஷாலினி நேரே குழாயடிக்குப் போய், அது கால்தானே என்று கேட்டாள். கால்தான் என்று ஜெனிற்றா சொன்னாள். அப்படியென்றால் சரி, எனக்குப் பசிக்கிறது, உங்கள் அம்மா ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாவா என்று ஷாலினி கேட்டாள். அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பச்சை அணியின் பயிற்சியாளர் ஹெதர் என்னைத் தேடிவந்தார். மூன்று வருடங்களாக எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நல்லபடியாக இருந்ததில்லை. போதாததற்கு, நான் கண்ணாடியைப் பற்றி விசாரித்த நடுவர் அவருடைய கணவர். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, அதை வாங்கிக்கொள்ளப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. தன்னுடைய நடுக்களப் பெண் அடுத்த வருடம் வெலிங்டனுக்குப் போகிறாள் என்றார். உங்கள் ஜெனிற்றா நன்றாக விளையாடுகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் அவளுக்கு நெஞ்சுறுதி இருக்கிறதா என்று தெரியாமல் இருந்தது, இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்றார். எங்கள் பயிற்சி மைதானம் ஏவன்டேலிலிருந்து ரயிலில் வந்தால் மூன்றாவது நிறுத்தம், கார் தேவையில்லை, அனுப்புவீர்களா என்று கேட்டார்.

என் கையில் பந்துப் பை இருந்தது. அதை அவருடைய தலையில் போட வேண்டும் போல இருந்தது. எங்களைக் கீழே தள்ளிவிட்டு, தள்ளிய கை உலருமுன் எங்கள் ஒரே நல்ல விளையாட்டுக்காரியையும் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தால் என் புத்தி எந்தப் பக்கம் யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் இன்னும் சின்னப் பிள்ளை, அடுத்த வருடம் நாங்கள் மேலே வந்துவிடுவோம், நண்பிகளைப் பிரிக்கக் கூடாது என்று வண்டி வண்டியாக நியாயம் வந்து நிற்கும். ஆகவே அங்கேயே, ஹெதர் பக்கத்தில் நிற்க, ஜெனிற்றாவையும் தகப்பனையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜெனிற்றா மாட்டேன் என்றாள். தன்னால்தான் எல்லோரும் கீழே போகிறார்கள், தான் மட்டும் மேலே நிற்பதா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவளிடம் நான் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"உன்னால இல்லையடி. பதினாலு ஆட்டம் தோத்தது நாங்கள். நீ பாத்ததைப் பாத்தனெண்டு சொன்னனி, அவ்வளவுதான். நீ இஞ்ச நிண்டால் எனக்குச் சந்தோசம், உனக்கு என்ன மிச்சம்? போ."

போனாள். அடுத்த வருடம் பச்சைச் சட்டையோடு விளையாடினாள், தெரிவாளர்கள் வந்து பார்த்தார்கள், இளையோர் அணிக்கு எடுத்தார்கள். நாங்கள் மூன்றாம் பிரிவில் புல்லில் வழுக்கி விழுந்து விளையாடினோம். கதையென்றால் அடுத்த வருடமே வென்று மேலே வந்திருப்போம். வரவில்லை. நடுவில் நிற்க ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளை அனுப்பியதற்கு ஒரு நாளும் நான் மனம் வருந்தவில்லை என்று சொன்னால் அது பொய். மழை பெய்த ஒவ்வொரு சனிக்கிழமையும் வருந்தினேன். ஆனாலும் மறுபடி கேட்டால் மறுபடியும் அனுப்புவேன்.

அன்று எல்லோரும் போன பிறகு, மரியதாஸ் அண்ணை கடைசிப் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கித் தந்துகொண்டு என்னோடு நின்றார். பிறகு கேட்டார்.

"ரீச்சர், இவள் அந்த விசிலை ஊதாமல் விட்டிருந்தால் அந்த மனுசி வந்து கேட்டிருப்பாவோ?"

"கேக்கத் தேவை வந்திராது அண்ணை. நாங்கள் மேல நிண்டிருப்பம், இவள் எங்களோடயே விளையாடியிருப்பாள், தெரிவு செய்யிறவை இவளை எங்களிட்டையே வந்து பாத்திருப்பினம்."

"அப்ப எல்லாம் ஒண்டுதான்."

"ஓம், ஒண்டுதான்."

அவர் கூம்புகளை என் காரில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் நின்ற தன் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"இல்லை ரீச்சர், ஒண்டில்லை," என்றார். "ஊதாமல் விட்டிருந்தால், எனக்கு இப்பிடி ஒரு பிள்ளை இருக்கிறாளெண்டு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."